ஏற்றுமதி மீனுக்கு ஆய்வுக்கூடம், ஏழையின் மீனுக்கு மௌனம்

2018 ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் நடத்திய சோதனைகளைத் திருவனந்தபுரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளி மாநிலங்களிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிகள் அமரவிளையிலும் ஆரியங்காவிலும் வாளையாறிலும் நிறுத்தப்பட்டன. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் உருவாக்கிய சிறு காகிதப் பட்டையை மீனின் மேல் தேய்த்து, ஒரு சொட்டு கரைசல் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின், மீனில் கலந்திருப்பது தெரிந்தது. டன் கணக்கில் மீன் கைப்பற்றப்பட்டது. பாளையம் சந்தையிலும் சாலைக் கம்போளத்திலும் மீன் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று.

அந்த நடவடிக்கை தேவையானதுதான். அதில் தவறு காண ஏதுமில்லை. ஆனால் அந்தக் காகிதப் பட்டை ஓர் எண்ணத்தையும் மக்கள் மனத்தில் பதித்துவிட்டுப் போனது. விஷம் என்பது எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில் வருவது. பிடித்த பிறகு வியாபாரி கலப்பது. உள்ளூர் ஏரியில் காலையில் பிடித்து மதியம் குழம்பில் போட்ட மீனுக்கும் விஷத்துக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் அது. உயிரோடு துள்ளும் மீனுக்குள்ளேயே, அது நீந்திய நீரிலிருந்தும் தின்ற இரையிலிருந்தும் சேர்ந்த நஞ்சு இருக்க முடியும். அதன் பெயர் மெத்தில் பாதரசம். எந்தக் காகிதப் பட்டையிலும் அது நிறம் காட்டாது. மீன் புத்தம் புதியதாக இருக்கும், செவுள் சிவந்திருக்கும், கண் பளபளக்கும். கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது. தசையின் புரதத்தோடு பிணைந்துகொண்ட பொருள் அது.

இந்த நஞ்சைத் தேடிப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகம் பட்டத்தில் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் ஆக்குளத்தில், காயலின் அருகிலேயே இருக்கிறது. பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறை. இத்தனையும் ஒரே நகரத்தில். ஆனால் இந்த ஆண்டு வெள்ளாயணி ஏரியின் வராலில் எவ்வளவு பாதரசம், சென்ற ஆண்டு எவ்வளவு, ஐந்தாண்டுகளுக்கு முன் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அளந்து மக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் இந்நகரில் இல்லை.

ஆய்வுகள் நடக்கின்றன என்று பதில் வரும். நடக்கின்றன, மெய்தான். முனைவர் பட்டத்துக்காக ஒரு மாணவர் இரண்டு பருவங்களில் மீன் பிடித்து, அளந்து, கட்டுரை எழுதுவார். அது வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளிவரும். பட்டம் கிடைத்ததும் வலை சுருட்டப்படும். ஆய்வு வேறு, கண்காணிப்பு வேறு. ஒரே இடத்தில், ஒரே இனத்தில், ஒரே அளவுள்ள மீனில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்காக விடாமல் அளப்பதுதான் கண்காணிப்பு. அதை அரசு மட்டுமே செய்ய முடியும்.

தண்ணீரைச் சோதிப்பது ஏன் போதாது?

வாரியங்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுவது தண்ணீர்ச் சோதனையைத்தான். ஆற்று நீரைப் புட்டியில் எடுத்து அளந்தோம், பாதரசம் வரம்புக்குள் இருக்கிறது என்பார்கள். இந்த வாதத்தின் ஓட்டையைத் தோழர்கள் நன்கு புரிந்துகொள்வது அவசியம்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம். குடிப்பதற்கு அது பொருந்தும். மீனுக்குப் பொருந்தாது. ஏரியின் அடியில் உயிர்வளி இல்லாத வண்டலில் வாழும் சில வகை பாக்டீரியாக்கள், சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. 1960களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இதை நிறுவினார்கள். மெத்தில் பாதரசத்தை நுண்பாசி உறிஞ்சும். நுண்பாசியைத் தின்னும் சிற்றுயிரில் அது கூடும். சிற்றுயிரைத் தின்னும் அயிரையிலும் கெண்டையிலும் இன்னும் கூடும். அவற்றை விழுங்கும் வராலில் உச்சத்தைத் தொடும். இறுதியில் மீனின் தசையில் இருக்கும் அளவு, நீரில் இருப்பதைப்போல் பல லட்சம் மடங்கு, சில நேரங்களில் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. எனவே குடிநீர் வரம்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஏரியிலும், தின்னத் தகாத மீன் வளர முடியும். புட்டியில் நீரை அள்ளிவிட்டு மீன் பாதுகாப்பானது என்று சான்று வழங்குவது விஞ்ஞானமல்ல.

ஆக்குளம் காயலை நேரில் கண்டவர்களுக்கு இன்னொன்றும் புரியும். நகரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஆமையிழஞ்சான் ஓடை அங்கேதான் போய்ச் சேருகிறது. நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அடியில் கறுத்த சேறு. கழிவால் உயிர்வளி இழந்த இத்தகைய சேறும், மிதக்கும் தாவரங்களின் வேர்க்கற்றையும் மெத்தில் பாதரசம் உருவாவதற்கு ஏற்ற களங்கள் என்று உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதரசத்தைக் கொட்டும் ஆலை கரையில் இல்லையென்றாலும், வானிலிருந்து விழும் சிறு அளவைக்கூட நஞ்சாக்கும் உலைக்களமாக ஒரு சாக்கடை ஏரி மாறிவிடலாம். ஆக்குளத்தில் அப்படி நடந்துவிட்டது என்று இங்கே சொல்லப்படவில்லை. நடந்திருக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டிய இடம் அது என்பதே குற்றச்சாட்டு.

நிறம் மாறாத நஞ்சின் வரலாறு

ஜப்பானின் மினமாட்டா நகரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதன் பாதரசக் கழிவு கடலில் கலந்தது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மீனவர் வீட்டுக் குழந்தைகள். 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாதரசத்தைச் சுட்டினார்கள். அதே ஆண்டு ஆலையின் சொந்த மருத்துவமனை மருத்துவர் ஹோசோகவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை மூடி மறைத்தது. மக்களை அமைதிப்படுத்த ‘சைக்ளேட்டர்’ என்ற சுத்திகரிப்புக் கருவியை ஆரவாரத்தோடு திறந்து வைத்தது. பாதரசத்தை அகற்றுவதற்காக அந்தக் கருவி அமைக்கப்படவே இல்லை. ஜப்பான் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்குள் சிஸ்ஸோவுக்கு அந்த உற்பத்தி முறையே தேவையற்றதாகிவிட்டிருந்தது! அரசின் மனசாட்சி விழித்தெழுந்த நேரத்தை மூலதனத்தின் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இது கடல்மீன் கதை, நன்னீருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்போர் நீகாட்டாவை நோக்க வேண்டும். 1965இல் அகனோ ஆற்றுக் கரையில் அதே நோய் தலைகாட்டியது. ஆற்றின் மேற்பகுதியில் வெகுதொலைவில் இருந்த ஷோவா டென்கோ ஆலையின் கழிவே காரணம். அங்கே நோயுற்றவர்கள் ஆற்று மீனை நம்பி வாழ்ந்தவர்கள். கனடாவின் கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களும் அப்படியே. 1960களில் டிரைடன் நகர ஆலை ஆற்றில் விட்ட ஏறத்தாழ 10 டன் பாதரசத்தின் விளைவை அவர்களுடைய பேரக்குழந்தைகள் இன்னும் சுமக்கிறார்கள். ஆற்றையும் ஏரியையும் நம்பிய ஏழைகள், பழங்குடிகள், கூலிகள்: இந்த நோய் யாரைத் தேடி வருகிறது என்பதில் வர்க்கக் குணம் வெளிப்படையாகவே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கொடைக்கானல் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் அங்கே நிறுவியது. பிறகு அது யூனிலீவரின் கைக்குப் போய் இந்துஸ்தான் லீவர் ஆயிற்று. தெர்மாமீட்டர்கள் மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. பாதரசம் பாம்பாறு சோலையில் தங்கியது. 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் 7.4 டன் பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகளை மக்கள் கண்டுபிடித்த பிறகே ஆலை மூடப்பட்டது. எந்த வாரியமும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2006இல் வெளியான, அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்களின் கட்டுரை கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. ஆலையே காரணம் என்று சொன்னது. அரசுத் துறை ஒன்றின் விஞ்ஞானிகளே சொன்ன பிறகும் அந்த ஏரி மீனை ஆண்டுதோறும் சோதிக்கும் திட்டம் வந்ததா? முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டதே 2016இல்தான். ஆலை மூடி பதினைந்து ஆண்டுகள் கழித்து! மண்ணைச் சுத்தம் செய்வதற்கான அளவுகோலிலும் மக்கள் ஏமாற்றப்பட்டார்கள். யூனிலீவரின் தாயகங்களில் ஒன்றான பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்குக் கேட்கப்படும் தூய்மைக்கும், ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்று இங்கே அனுமதிக்கப்பட்டதற்கும் எட்டாத தூரம்.

யாருடைய மீன் சோதிக்கப்படுகிறது?

இந்தியாவில் மீனில் பாதரசம் அளக்கும் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொச்சியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போகும் மீனுக்கும் இறாலுக்கும் கன உலோகச் சோதனை உண்டு. ஏற்றுமதி ஆய்வுக் கழகம் இருக்கிறது, கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, எச்சக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. வரம்பைத் தாண்டிய சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தால் டாலர் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் பல மீன் இனங்களுக்கான பாதரச வரம்பை ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமிலிருந்து 0.3 ஆகக் குறைத்தபோது, ஏற்றுமதியாளர்கள் அதற்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஐரோப்பியத் தொழிலாளியின் தட்டில் விழும் மீன் சோதிக்கப்பட்டது என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. கரமனை ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு வீட்டுக்கு மீன் கொண்டுபோகும் கட்டுமானத் தொழிலாளியின் தட்டுக்கு அதே சோதனை ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. அந்த மீனுக்கு டாலர் மதிப்பு இல்லை. சந்தை மதிப்பு இல்லாத உயிருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது என்பதே நவதாராளவாதத்தின் எழுதப்படாத விதி.

உள்நாட்டுச் சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், மீனில் மொத்தப் பாதரசம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், உணவில் மெத்தில் பாதரசம் 0.25 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன. சரி, இந்த வரம்புக்குள் இருந்தால் பாதுகாப்பா? ஐ.நா. உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு 2003இல் வகுத்தபடி, ஒருவர் வாரத்துக்கு உட்கொள்ளத்தக்க மெத்தில் பாதரசம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளையைக் கருதி வைத்த அளவு இது. 50 கிலோ எடையுள்ள கர்ப்பிணிக்கு வாரம் 80 மைக்ரோகிராம். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மெத்தில் பாதரசம் உள்ள மீனை அவர் வாரத்துக்கு 320 கிராம் தின்றால் அது நிறைந்துவிடும். நாளொன்றுக்கு 46 கிராம்; ஒரு சிறு துண்டு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 18 கிராம்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத கேரளத்துக் கடலோர, காயலோரக் குடும்பங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சட்டப்படி விற்கத் தகுந்த மீனே உண்ணத் தகாததாகிவிடுகிறது. வாரம் ஒரு நாள் மீன் தின்னும் மனிதரை மனத்தில் வைத்து எழுதிய வரம்பு, நாள்தோறும் தின்பவருக்கு எப்படிப் பொருந்தும்?

பாதரசம் எங்கிருந்து வருகிறது?

கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனால் காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. நிலக்கரி எரியும்போது ஆவியாகும் பாதரசம் மாதக்கணக்கில் வளிமண்டலத்தில் உலவி, மழையோடு இறங்குகிறது. உலகில் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசம் 2015இல் சுமார் 2,220 டன் என்றும், அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு கூறியது. ஒன்றிய அரசு 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய உமிழ்வு வரம்புகளை அறிவித்தது. முதன்முறையாகப் பாதரசத்துக்கும் வரம்பு வந்தது. இரண்டாண்டில் நிறைவேற வேண்டியது. 2017 போய், 2022 போய், கெடு நீண்டுகொண்டே இருந்தது. கந்தக டை ஆக்சைடை அகற்றும் கருவி, கூடவே பாதரசத்தில் ஒரு பகுதியையும் பிடித்து நிறுத்தும். 2025 ஜூலையில் மோடி அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டது. தனியார் மின் முதலாளிகளுக்கு மிச்சமான கோடிகளின் மறுபக்கம், தென்மேற்குப் பருவமழையில் ஏரிகளில் விழும் பாதரசம்.

2024இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தையும் திருத்தினார்கள். பல குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாயிற்று. பெரு நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது விளம்பரச் செலவில் ஒரு நாள் கணக்கு. மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றினால்தான் இத்திருத்தம் அங்கே செல்லும் என்பது ஒன்றே கூட்டாட்சியில் எஞ்சியிருக்கும் சிறு கதவு. அதைத் திறக்காமல் காப்பது மாநிலங்களின் கையில் இருக்கிறது.

மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2014இல் கையெழுத்திட்டு 2018 ஜூனில் ஏற்புறுதி செய்தது. அதன் 19ஆம் பிரிவு, மீன் உள்ளிட்ட உயிரினங்களிலும் பாதிப்புக்குள்ளாகும் மக்களிடத்திலும் பாதரச அளவைக் கண்காணிப்பதில் ஒத்துழைக்குமாறு நாடுகளைக் கேட்கிறது. உலக மேடையில் கையெழுத்து, உள்நாட்டில் விலக்கு.

தன்னை நோக்கியும் சில கேள்விகள்

எல்லாப் பழியையும் டெல்லியின் மேல் போட்டுவிட்டு இடதுசாரி இயக்கம் நகர்ந்துவிட முடியாது. 2010இல் இடது ஜனநாயக முன்னணி அரசு, மின்சாரத்தைச் சேமிக்க வீட்டுக்கு இரண்டு சி.எஃப்.எல். விளக்குகள் வீதம் சுமார் ஒன்றரைக் கோடி விளக்குகளை வழங்கியது. நல்ல திட்டம், நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் ஒவ்வொரு விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருந்தது. ஒன்றுக்கு மூன்று மில்லிகிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 45 கிலோ. வழங்குவதற்கு இருந்த ஏற்பாடு, எரிந்துபோன விளக்கைத் திரும்பப் பெறுவதற்கு இருந்ததா? நகரின் குப்பை அப்போது போய்ச் சேர்ந்த இடம் விளப்பில்சாலை. அந்தக் குப்பைமேட்டின் கசிவு ஓடை வழியாகக் கரமனை ஆற்றில் கலந்ததும், 2011 டிசம்பரில் மக்கள் போராட்டத்தால் ஆலை மூடப்பட்டதும் ஊரறிந்த செய்தி. இன்று வீடு வீடாகப் போய்க் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், உடைந்த குழல்விளக்கை வெறுங்கையால் எடுக்க நேரும்போது அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பெரியாறும் இருக்கிறது. ஏலூர், எடையாறு ஆலைகளுக்கு நடுவே ஓடும் அந்த ஆற்றில் 2024 மே மாதம் கூண்டு கூண்டாக மீன்கள் செத்து மிதந்தன. மீன்வளப் பல்கலைக்கழகம் அமோனியாவையும் சல்பைடையும் சுட்டியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாதாளம் மதகைத் திறந்ததால் உயிர்வளி குறைந்ததென்றது. அரசின் ஒரு கை மறு கையைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தபோது, கூண்டில் மீன் வளர்த்தவர்கள் கடனோடு நின்றார்கள். அதே ஏலூரில் பொதுத்துறை நிறுவனமான திருவிதாங்கூர்-கொச்சி கெமிக்கல்ஸ் பல்லாண்டுகள் பாதரசக் கலங்களில் காஸ்டிக் சோடா தயாரித்தது. பிறகு சவ்வுக்கல முறைக்கு மாறியது, பாராட்டத் தக்கதே. ஆனால் வண்டலில் தங்கிய பாதரசம் தொழில்நுட்பம் மாறியதும் எழுந்து போய்விடாது. பொதுத்துறை என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்வது பொதுத்துறைக்குச் செய்யும் துரோகம். பொதுவுடைமை என்றால் மக்கள் கணக்குக் கேட்கலாம் என்று பொருள்.

கேள்வி கேட்டால் ஆலை மூடும், வேலை போகும் என்ற வாதம் தொழிற்சங்கங்களுக்குள் புதியதல்ல. மாவூரில் பிர்லாவின் கோலியார் ரேயான்ஸ் ஆலை வருவதற்கான உடன்பாடு முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையின் காலத்தில்தான் ஏற்பட்டது. பின்னாளில் சாலியாற்றின் மீனும் வாழக்காட்டு மக்களின் நுரையீரலும் ஒரு பக்கம், ஆலைத் தொழிலாளியின் அடுப்பு மறுபக்கம் என்று உழைக்கும் மக்களே இரண்டாகப் பிளந்து நின்றார்கள். பிர்லா இரு தரப்பையும் வேடிக்கை பார்த்தார்.

இங்கே மினமாட்டாத் தொழிலாளர்களின் வரலாறு ஆழ்ந்து படிக்கத் தக்கது. 1959 நவம்பரில் மீனவர்கள் கழிவை நிறுத்தக் கோரி ஆலைக்குள் புகுந்தபோது, ஆலைத் தொழிற்சங்கம் மேயரோடும் வணிகர்களோடும் சேர்ந்து, கழிவு வெளியேற்றத்தை நிறுத்த வேண்டாம் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அதே நிர்வாகம் ஊதியப் பிரச்சினையில் அந்தச் சங்கத்தையே உடைத்தது. உடைபட்டு, ஒதுக்கப்பட்டு, இழிவுபடுத்தப்பட்ட தொழிலாளர்கள் அப்போதுதான் நோயாளிகளின் நிலையைத் தங்கள் நிலையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1968 ஆகஸ்டில் முதல் சங்கம், நோயாளிகளுக்காக இதுவரை போராடாமல் இருந்தது மனிதர்களாகவும் தொழிலாளர்களாகவும் தங்களுக்கு வெட்கக்கேடு என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஜப்பானியத் தொழிலாளர் இயக்கத்தில் அதற்கு ‘வெட்கப் பிரகடனம்’ என்றே பெயர். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் நோயாளிகளின் பக்கம் நின்று ஆலையின் உள்விவரங்களைச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டுத் தாமதம், எத்தனையோ உயிர்.

மீனவர் பயப்படுவது நியாயமா?

கண்காணிப்புக்கு எதிராக உள்நாட்டு மீனவர்களிடமிருந்தே ஒரு வாதம் வரும். சோதனை என்றாலே சந்தை படுத்துவிடும்; 2018இல் பட்டது போதும் என்பார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யல்ல. முதலாளி கொட்டிய நஞ்சுக்கு மீனவர் தண்டனை அனுபவிக்கும் விதத்தில்தான் இதுவரை எல்லாச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. எனவே கோரிக்கையை அதற்கேற்ப வடிக்க வேண்டும். மினமாட்டா வளைகுடாவில் 1974இல் வலை கட்டித் தடுத்து, உள்ளே பிடிபட்ட மீனுக்கு மீனவர்களிடம் இழப்பீடு கொடுத்து, தொடர்ந்து அளந்து, மூன்றாண்டுகள் தொடர்ச்சியாக வரம்புக்குக் கீழே வந்த பிறகு 1997இல் வலையை எடுத்தார்கள். 23 ஆண்டுகள்! அளவீடும் இழப்பீடும் சேர்ந்தே போயின. ஒன்று இல்லாமல் மற்றொன்று வந்தால் மீனவர் எதிர்ப்பதே சரி.

மேலும், மீன் தின்னாதே என்று யாரும் சொல்ல வரவில்லை. ஏழைக் குழந்தைக்கு மலிவாகக் கிடைக்கும் புரதம் அது. எந்த ஏரியில், எந்த மீனை, எந்த அளவு வரை, எத்தனை முறை என்று சொல்லும் அறிவிப்புதான் வேண்டும். பெரிய வராலில் அதிகம் இருக்கலாம், அதே ஏரியின் சிறு கெண்டையில் மிகக் குறைவாக இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டால் கர்ப்பிணி ஒருத்தி வராலை விட்டுக் கெண்டையை வாங்குவாள், மீனவருக்கும் நட்டமில்லை. சொல்லாமல் மறைத்து வைத்தால், என்றாவது ஒரு நாள் வதந்தியாக வெடித்து இரண்டையும் ஆற்றில் கொட்ட வைக்கும்.

வெள்ளாயணி, ஆக்குளம், கரமனை, கிள்ளியாறு, வாமனபுரம், நெய்யாறு, பேப்பாறை ஆகிய நீர்நிலைகளில் ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், குறிப்பிட்ட இனங்களில் மீன் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளக்க வேண்டும். மாதிரி எடுக்கும் வேலை உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூலியோடு தரப்பட வேண்டும். எந்த ஆழத்தில் வரால் கிடக்கும் என்று வாரியப் பொறியாளரைவிட அவர்களுக்குத் தெரியும். அணைகளை ஒட்டி வாழும் காணிப் பழங்குடியினரின் விருப்பத்தோடு, அவர்கள் உண்ணும் மீனும் தலைமுடியும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் மலையாளத்திலும் தமிழிலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே மீன் எல்லை தாண்டித்தான் போகிறது, வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வாரியம் இதே வேலையைத் தொடங்க வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்விக்குப் பெரிய பதில் தேவைப்படாது. கருவிகள் ஏற்கெனவே ஆக்குளத்திலும் பாப்பனங்கோட்டிலும் காரியவட்டத்திலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் மக்கள் வரிப்பணத்தில் வாங்கப்பட்டவை. பாதரசம் அளக்க ஒரு மீனின் தசையில் ஒரு கிராம் போதும். நேரடிப் பகுப்பாய்வுக் கருவியில் ஒரு மாதிரிக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அடுத்த கிராம சபைகளிலும் மாநகராட்சி வார்டு சபைகளிலும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வைப்பது, ஏரிக்கரைப் பகுதிக் கிளைத் தோழர்கள் இந்த மாதமே தொடங்கக்கூடிய பணி.